ஒத்தும் கமகமும்: சிபி கேட்பவரின் ஸ்கேனரில் ஏஎம், எஃப்எம் தேர்வு

ஸ்கேனர் என்பது ஒரே நிலையத்தைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருப்பதற்காகச் செய்யப்பட்ட வானொலி அன்று. நினைவகத்தில் ஏற்றிவைத்த அதிர்வெண்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுப் பார்த்து, எதில் ஆள் பேசுகிறாரோ அதில் நின்று, பேச்சு ஓய்ந்ததும் மறுபடி நடையைக் கட்டுவதே அதன் வேலை. விமானம், கப்பல், ரயில், தீயணைப்பு என்று பல சேவைகளின் பேச்சைக் கேட்பதற்காக அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலர் இதை வாங்கி வைத்திருக்கின்றனர். அந்தச் சேவைகளின் வரிசையில், தேர்வு எதுவும் எழுதாமல் பொதுமக்களே தமக்குள் பேசிக்கொள்ளட்டும் என்று ஒதுக்கப்பட்ட 27 மெகாஹெர்ட்ஸ் பகுதியும் உண்டு. அதற்குச் சிட்டிசன்ஸ் பேண்ட், சுருக்கமாகச் சிபி, என்று பெயர். இந்தப் பகுதிக்குள் புதிதாக நுழைபவருக்கு நேரும் முதல் ஏமாற்றம் பெரும்பாலும் ஒரே மாதிரியானது: அதிர்வெண் சரியாக இருக்கும், சமிக்ஞையின் வலிமையைக் காட்டும் கட்டங்கள் எழும்பி நிற்கும், ஸ்கேனரும் அந்த இடத்தில் நின்றுவிடும், ஆனால் பேச்சு மட்டும் வராது. ஆன்டெனாவையும் பேட்டரியையும் குறை சொல்லிப் பல மாலைகள் கழிந்த பிறகே, கருவி தவறான முறையில் கேட்டுக்கொண்டிருந்தது என்பது புரியவரும். ஏஎம் அல்லது எஃப்எம் என்ற அந்தச் சிறிய தேர்வு கேட்பவரின் விருப்பத்தைப் பொறுத்தது அன்று. பேசுபவர் எந்த நாட்டில், எந்த ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ் பேசுகிறார் என்பதைப் பொறுத்தது. ஆகவே பெரும்பாலான ஸ்கேனர்கள் அதைத் தானாக அறிந்துகொள்வதில்லை, ஊகிக்க மட்டுமே செய்கின்றன.

இரண்டு முறைகளின் வேறுபாட்டை விளங்கிக்கொள்ள நாதஸ்வர மேடையின் ஓரத்தில் அமர்ந்திருக்கும் ஒத்துக்காரரை நினைத்துக்கொள்ளலாம். அவர் ஊதும் ஒத்து, ஏற்றமும் இறக்கமும் இல்லாத ஒரே சுருதியாக நீண்டுகொண்டே செல்லும். வானொலியில் அதற்கு நிகரானது ஊர்தி அலை, அதாவது செய்தி எதுவும் ஏறாத வெறும் அலை. பேச்சை இந்த ஊர்தி அலையின்மீது ஏற்றுவதே பண்பேற்றம். ஒத்தின் சுருதியைத் தொடாமல், பேச்சின் அசைவுக்கேற்ப அதை உரக்கவும் மெல்லவும் ஊதினால் அது ஏஎம் எனப்படும் வீச்சுப் பண்பேற்றம். ஒலியின் அளவை மாற்றாமல், பேச்சுக்கேற்பச் சுருதியை மேலும் கீழும் கமகம்போல அசைத்தால் அது எஃப்எம் எனப்படும் அதிர்வெண் பண்பேற்றம். ஏற்றியதை மறுமுனையில் இறக்கி எடுக்கும் சுற்றுக்குப் பண்பிறக்கி என்று பெயர். ஏஎம் பண்பிறக்கி அலையின் உயரத்தை மட்டும் கவனிக்கும், எஃப்எம் பண்பிறக்கி சுருதியின் அசைவை மட்டும் கவனிக்கும், அதற்கு முன்பாகவே ‘லிமிட்டர்’ என்ற பகுதி அலையின் உயர வேறுபாடுகளைத் தட்டிச் சமமாக்கிவிடும். எனவே ஒன்றின் செய்தி மற்றொன்றுக்கு ஏறக்குறைய இல்லாத பொருள். இதில் கவனிக்க வேண்டியது, பேசுபவர் விசையை அழுத்திவிட்டு வாயைத் திறக்காமலிருக்கும் அந்த ஒரு விநாடியில், ஏஎம் கருவியின் அலையும் எஃப்எம் கருவியின் அலையும் ஒன்றேபோல் இருக்கும் என்பதுதான். வேறுபாடு குரலோடு சேர்ந்தே பிறக்கிறது.

எண்களில் சொல்வதானால், அமெரிக்கச் சிபி கருவியின் ஏஎம் ஊர்தி அலைக்கு அனுமதிக்கப்பட்ட திறன் 4 வாட். அது முழு அளவில் பண்பேற்றப்படும்போது உச்சத்தில் 16 வாட் வரை எழும்பும். ஆனால் பேச்சைத் தாங்கியிருப்பது ஊர்தி அலை அன்று, அதன் இருபுறமும் உருவாகும் பக்கப்பட்டைகள் என்ற இரண்டு சிறகுகள். அவற்றுக்குக் கிடைப்பது முழுப் பண்பேற்றத்திலும் ஆளுக்கு 1 வாட்தான். பேச்சின் ஒலி 3 கிலோஹெர்ட்ஸ் வரை செல்கிறது என்று கொண்டால், இரண்டு சிறகுகளையும் சேர்த்து 6 கிலோஹெர்ட்ஸ் அகலம் போதும். எஃப்எம் முறையில் சிபி கருவிகள் ஊர்தி அலையை அதன் நடுவிலிருந்து இருபுறமும் ஏறக்குறைய 2 கிலோஹெர்ட்ஸ் மட்டுமே அசைக்கின்றன. இந்த அசைவின் அளவுக்கு விலக்கம் என்று பெயர். ஒலிபரப்பு நிலையங்களின் எஃப்எம்மில் விலக்கம் 75 கிலோஹெர்ட்ஸ் என்பதை இதோடு ஒப்பிட்டால், ‘எஃப்எம்’ என்ற ஒரே எழுத்துச் சேர்க்கை எவ்வளவு தொலைவிலுள்ள இரண்டு பொருள்களைச் சுட்டுகிறது என்பது தெரியும்.

தவறான முறையில் கேட்கும்போது காதில் என்ன விழுகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன்தரும், ஏனெனில் அந்த ஒலியே நோயைச் சொல்லும் நாடி. ஸ்கேனர் எஃப்எம்மில் இருக்க, லாரி ஓட்டுநர் ஒருவர் ஏஎம்மில் பேசுகிறார் என்று கொள்ளலாம். அவர் பேசத் தொடங்கும்வரை மழைபோல இரைந்துகொண்டிருந்த ஸ்பீக்கர், அவர் விசையை அழுத்தியதும் சட்டென்று அடங்கிவிடும்; வலுவான ஊர்தி அலை எதுவாயினும் எஃப்எம் பண்பிறக்கியின் இரைச்சலை அமுக்கிவிடுவது அதன் இயல்பு. அந்த அமைதிக்குள் குரல் வராது. அதற்குப் பதிலாக, அவர் அழுத்திப் பேசும் அசைகளில் மட்டும் ‘கரக், கரக்’ என்று ஏதோ கிழிவதுபோலக் கேட்கும். உரத்த பேச்சில் ஏஎம் அலையின் உயரம் ஒரு கணம் ஏறக்குறைய சுழியம்வரை தாழ்ந்து மீள்கிறது. அந்தக் கணத்தில் அமுக்குவதற்கு ஊர்தி அலை இல்லாததால் இரைச்சல் தலைநீட்டிவிட்டுப் போகிறது. ஆகவே கிழிசலின் தாளம் பேச்சின் தாளமாகவே இருக்கும், சொற்கள் மட்டும் இருக்காது. இந்த ஒலியை ஒருமுறை அடையாளம் கண்டுகொண்டவர் பிறகு மறப்பதில்லை.

மறுதலையான நிலையில், அதாவது ஸ்கேனர் ஏஎம்மில் இருக்கப் பேசுபவர் எஃப்எம்மில் இருக்கும்போது, குரல் முற்றிலும் மறைந்துவிடாது. கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல மெலிந்து, விளிம்புகள் நொறுங்கி, பாதி புரிந்தும் பாதி புரியாமலும் வரும். காரணம், ஸ்கேனரின் வடிகட்டி, அதாவது தேவையான அகலத்தை மட்டும் உள்ளே விடும் பகுதி, இருபுறமும் சரிவான ஓரங்களைக் கொண்டது. சுருதி அசையும் அலை அந்தச் சரிவில் ஏறி இறங்கும்போது அதன் உயரமும் கூடிக் குறைகிறது, அதை ஏஎம் பண்பிறக்கி பிடித்துக்கொள்கிறது. இதை வேண்டுமென்றே செய்வதும் உண்டு. எஃப்எம் வசதி இல்லாத கருவியை நடு அதிர்வெண்ணிலிருந்து ஏறக்குறைய 5 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நிறுத்தினால், அலை சரிவின் நடுவில் வந்து அமர்ந்து, வியக்கத்தக்க அளவு தெளிவான பேச்சு கிடைக்கும்; சரிவுவழிப் பண்பிறக்கம் என்று இதைச் சொல்லலாம். பழைய குறும்பலை வானொலியை வைத்திருப்பவர்களுக்கு இது கைவந்த வித்தை. ஆனால் சரியான முறை கருவியிலேயே இருக்கும்போது ஓரத்தில் நின்று கேட்பது, திறந்த கதவை விட்டுவிட்டுச் சாவித் துவாரத்தில் காது வைப்பதற்கு ஒப்பாகும்.

இப்போது வரலாற்றுக்கு வரலாம், ஏனெனில் எந்த இடத்தில் எந்த முறை என்பதை இயற்பியல் முடிவு செய்யவில்லை. அமெரிக்காவில் 1958ஆம் ஆண்டில், அதுவரை அமெச்சூர் வானொலியாளர்களிடமிருந்த 11 மீட்டர் (27 மெகாஹெர்ட்ஸ்) பகுதியை எடுத்து, 23 அலைவரிசைகளாகப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டனர். வெற்றிடக் குழாய்களின் காலம் அது. குறைந்த செலவில் எளிய சுற்றால் செய்யக்கூடியது ஏஎம் கருவிதான் என்பதால் சிபி ஏஎம்மாகவே வளர்ந்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடியைத் தொடர்ந்து நெடுஞ்சாலை வேகம் மணிக்கு 55 மைலாகக் குறைக்கப்பட்டபோது, எந்த வளைவில் காவலர் நிற்கிறார், எந்த நிலையத்தில் டீசல் கிடைக்கிறது என்று லாரி ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளத் தொடங்க, சிபி ஒரு கருவி என்ற நிலையிலிருந்து நாடு தழுவிய மோகமாக மாறியது. அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கே ‘ஃபர்ஸ்ட் மாமா’ என்ற சிபி புனைபெயர் இருந்தது. நெரிசல் தாங்காமல் 1977 ஜனவரி 1 முதல் அலைவரிசைகள் 40ஆக உயர்த்தப்பட்டன, 26.965 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 27.405இல் முடியும் அந்த வரிசையே இன்றும் உலகின் பெரும்பகுதிக்கு அடிப்படை. இதில் 9ஆம் அலைவரிசையான 27.065 அவசர உதவிக்கும், 19ஆம் அலைவரிசையான 27.185 லாரிக்காரர்களின் பேச்சுக்கும் உரியவை.

நினைவகத்தை நிரப்புவோர் இடறிவிழும் ஓர் இடத்தை இங்கேயே சுட்டிவிடுவது நல்லது. அலைவரிசைகளுக்கிடையே 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி என்று நம்பிக் கூட்டல் போட்டுக்கொண்டே போனால் பட்டியல் பிழைபடும், ஏனெனில் 3க்கும் 4க்கும் இடையில் 26.995, அதேபோல 27.045, 27.095, 27.145, 27.195 ஆகிய ஐந்து அதிர்வெண்கள் பொம்மைகளையும் மாதிரி விமானங்களையும் தொலைவிலிருந்து இயக்குவதற்கு விடப்பட்டவை. மேலும் பழைய 23ஆம் அலைவரிசை 27.255இல் இருந்ததால், பின்னர் வந்த 24உம் 25உம் அதற்குக் கீழேயுள்ள 27.235, 27.245 ஆகிய காலி இடங்களில் செருகப்பட்டன. எண் கூடும்போது அதிர்வெண் குறைகிறதே என்று திகைப்பவர்கள் பட்டியலில் அச்சுப்பிழை என்று நினைத்துக்கொள்கின்றனர். பிழை இல்லை, பழைய வீட்டில் பின்னால் கட்டிச் சேர்த்த அறைகள் அவை.

பிரிட்டனின் கதை வேறு. அங்கே 1970களின் இறுதியில் கடலோரமாகக் கடத்தி வரப்பட்ட அமெரிக்க ஏஎம் கருவிகள் சட்டத்துக்குப் புறம்பாகப் பல்லாயிரக்கணக்கில் பரவியிருந்தன. அனுமதி கேட்டு லண்டனில் பேரணிகளும் நடந்தன. அரசின் தரப்பிலிருந்த அச்சம் முழுவதும் வெற்று அச்சம் என்று சொல்லிவிட முடியாது. ஏஎம் அலையின் உயரம் பேச்சோடு கூடிக் குறைவதால், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியிலும் இசைப்பெட்டியிலும் உள்ள டிரான்சிஸ்டர் இணைப்புகள் அதைத் தற்செயலாகப் பண்பிறக்கிவிடும்; மாலைச் செய்தியின் நடுவே யாரோ ஒருவர் ‘டென்-ஃபோர்’, அதாவது ‘புரிந்தது’, என்று சொல்வது கேட்கும். எஃப்எம் அலையின் உயரம் மாறாதது, எனவே அது அத்தகைய கருவிகளுக்குள் நுழைந்தாலும் குரலாக வெளிப்படுவது அரிது. முதலில் 27 மெகாஹெர்ட்ஸே வேண்டாம், 928 மெகாஹெர்ட்ஸுக்குப் போகலாம் என்று 1980இல் ஒரு யோசனை முன்வைக்கப்பட்டு எதிர்ப்பைச் சந்தித்தது. இறுதியில் 1981 நவம்பர் 2ஆம் நாள் சிபி சட்டபூர்வமானபோது, அது உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு வரிசையாக, 27.60125 முதல் 27.99125 மெகாஹெர்ட்ஸ் வரை 40 அலைவரிசைகளில், எஃப்எம்மில் மட்டும் வந்தது. ஏற்கெனவே ஏஎம் கருவி வைத்திருந்தவர்கள் ஒரே இரவில் அதிர்வெண்ணாலும் முறையாலும் இருமடங்கு சட்டவிரோதிகளாயினர். தடையை மீறியவர்களின் கருவிகளைப் பயனற்றதாக்குவதும் இந்த ஏற்பாட்டின் ஒரு பயன் என்றே தோன்றுகிறது. 1987இல் ஐரோப்பிய ஒத்திசைவுக்காக அமெரிக்க வரிசையின் 40 அலைவரிசைகளும் அனுமதிக்கப்பட்டன, அப்போதும் எஃப்எம்மில்தான். ஏஎம்முக்கு அனுமதி கிடைக்க 2014 ஜூன்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அமெரிக்கா எதிர்த்திசையில் நடந்து வந்து அதே இடத்தைச் சேர்ந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஏஎம்மையும், இறுதியில் பார்க்கவிருக்கும் ஒற்றைப் பக்கப்பட்டை முறையையும் மட்டுமே ஏற்றிருந்த அந்நாட்டின் தகவல்தொடர்பு ஆணையம், கருவி தயாரிக்கும் கோப்ரா நிறுவனத்தின் மனுவை ஏற்று, 2021இல் சிபியில் எஃப்எம்மையும் அனுமதித்தது. இதன் விளைவு, நேற்றுவரை ‘அமெரிக்கா என்றால் ஏஎம், பிரிட்டன் என்றால் எஃப்எம்’ என்று ஒரு வரியில் முடிந்த விதி இன்று எங்கும் முழுமையாகப் பொருந்தாது என்பதே. 27.185இல் ஒரு மணி நேரத்துக்குள் ஏஎம்மும் எஃப்எம்மும் அடுத்தடுத்து வரக்கூடும். சட்டம் இரண்டையும் ஒரே பாயில் உட்கார வைத்துவிட்டது.

இந்தப் பின்னணியில்தான் ஸ்கேனர்களின் ‘ஆட்டோ’ முறையைப் பார்க்க வேண்டும். ஆட்டோ என்ற சொல்லைக் கேட்டதும் கருவி அலையை ஆராய்ந்து முடிவு செய்கிறது என்று எண்ணுவது இயல்பு. பெரும்பாலான கையடக்க ஸ்கேனர்களில் அப்படி எதுவும் நடப்பதில்லை. தயாரித்தவர்கள் உள்ளே ஓர் அட்டவணையை எழுதி வைத்திருக்கின்றனர்: இந்த அதிர்வெண்ணிலிருந்து இந்த அதிர்வெண்வரை ஏஎம், அதற்கு மேல் எஃப்எம், இத்தனை கிலோஹெர்ட்ஸ் படி. விமானப் பேச்சு நடக்கும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை ஏஎம் என்ற ஊகம் எங்கும் பலிக்கும், ஏனெனில் அது உலக ஒப்பந்தம். 27 மெகாஹெர்ட்ஸில் அமெரிக்கச் சந்தைக்கான கருவிகள் ஏஎம் என்று ஊகிக்கின்றன. அத்தகைய கருவியை இணையத்தில் வாங்கி வந்து பிரிட்டனில் 27.78125இல், அதாவது அந்நாட்டு வரிசையின் 19ஆம் அலைவரிசையில், வைத்துக் கேட்பவர் கிணற்றுக் குரலையே கேட்பார். அந்த இடத்தில் ஆட்டோவை விட்டுவிட்டு, பல கருவிகளில் ‘மோட்’ என்று குறிக்கப்பட்டிருக்கும் விசையால் முறையைக் கையாலேயே தேர்ந்து, அதை அந்த நினைவகத்தோடு சேர்த்துச் சேமிக்க வேண்டும். சில பழைய அல்லது மலிவான கருவிகளில் முறையை மாற்றும் வசதியே இராது, சிலவற்றின் அதிர்வெண் எல்லை 30 மெகாஹெர்ட்ஸில்தான் தொடங்கும். வாங்குமுன் பெட்டியின் பக்கவாட்டில் இந்த இரண்டையும் பார்த்துக்கொள்வது செலவில்லாத காரியம்.

எஃப்எம் என்று முடிவான பிறகும் ஒரு கேள்வி எஞ்சுகிறது, பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். ஸ்கேனரின் பட்டியலில் எஃப்எம், என்எஃப்எம், சிலவற்றில் டபிள்யூஎஃப்எம் என்று மூன்று பெயர்கள் இருக்கும். டபிள்யூஎஃப்எம் ஒலிபரப்பு நிலையங்களுக்கு உரியது, சிபிக்கு அதனிடம் வேலையில்லை. எஃப்எம் என்று மட்டும் எழுதப்பட்டிருப்பது 5 கிலோஹெர்ட்ஸ் விலக்கத்துக்கும், என்எஃப்எம் என்ற குறுகிய எஃப்எம் 2.5 கிலோஹெர்ட்ஸ் விலக்கத்துக்கும் அளந்து வைத்தவை. சிபியின் 2 கிலோஹெர்ட்ஸ் விலக்கத்தை முதலாவதில் கேட்டால் குரல் சிறுத்து வரும், ஏனெனில் பெரிய படியில் சிறிதளவு நெல்லை அளந்தால் படி குறையாகத்தான் தெரியும்; கேட்பவர் ஒலியைக் கூட்டுவார், இரைச்சலும் கூடவே கூடும். அதைவிடப் பெரிய தொல்லை அகலம். 5 கிலோஹெர்ட்ஸ் விலக்கத்துக்கான வடிகட்டி ஏறக்குறைய 15 கிலோஹெர்ட்ஸ் அகலம் திறந்திருக்கும். சிபி அலைவரிசைகளோ பெரும்பாலும் 10 கிலோஹெர்ட்ஸ் தொலைவில் தோளோடு தோள் உரசி நிற்பவை. 19இல் கேட்டுக்கொண்டிருக்கும்போது 18இல் பேசுபவர் சுவர் ஏறிக் குதித்து வந்துவிடுவார். ஆகவே சிபி எஃப்எம்முக்கு என்எஃப்எம் என்பதே விதி. ஏஎம்மில் இந்தத் தெரிவு பல ஸ்கேனர்களில் கிடைப்பதில்லை. விமானப் பேச்சை மனத்தில் வைத்துச் செய்த அகலமான ஏஎம் வடிகட்டியே சிபிக்கும் பயன்படுகிறது, அதனால் நெரிசலான மாலையில் பக்கத்து அலைவரிசையின் கசிவு தவிர்க்க முடியாதது. சிபிக்கென்றே செய்த பழைய கருவி இந்த ஒன்றில் விலையுயர்ந்த ஸ்கேனரை எளிதாக வெல்லும்.

அதிர்வெண்ணின் படி பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். பிரிட்டனின் தனி வரிசை 1.25 கிலோஹெர்ட்ஸ் வாலோடு முடிவதால், 5 கிலோஹெர்ட்ஸ் படியில் மட்டும் நகரக்கூடிய ஸ்கேனர் 27.60125க்குப் பதில் 27.600இல் போய் நிற்கும்; எஃப்எம்மில் இந்த விலகலால் குரலின் விளிம்பு சற்று உராயுமே தவிரப் பேச்சு புரியும். போலந்தின் நிலை இதைவிடச் சுவையானது. அந்நாட்டு ஓட்டுநர்கள் வரிசை முழுவதையும் 5 கிலோஹெர்ட்ஸ் கீழே இறக்கி, 19ஆம் அலைவரிசையை 27.180ஆக வைத்து, ஏஎம்மில் பேசும் பழக்கமுடையவர்கள். அமெரிக்கப் பட்டியலை ஏற்றிய ஸ்கேனர் 27.185இல் நின்றுகொண்டு அவர்களைக் கேட்டால், ஊர்தி அலை வடிகட்டியின் சரிவில் விழுந்து குரல் கரகரக்கும். முறை தவறோ என்று எண்ணி ஏஎம், எஃப்எம் என்று மாற்றி மாற்றிப் பார்ப்பவருக்கு, பிழை முறையில் இல்லை, அதிர்வெண்ணில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க நேரமாகும். ஜெர்மனியில் 26.565 முதல் 26.955 வரை இன்னும் 40 அலைவரிசைகள் எஃப்எம்முக்கென உள்ளன. ஆஸ்திரேலியாவில் 27 மெகாஹெர்ட்ஸ் ஏஎம்மும் ஒற்றைப் பக்கப்பட்டையுமாக இருக்க, இன்று அங்கே சாலையில் மிகுதியாகக் கேட்பது 477 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய முற்றிலும் வேறொரு எஃப்எம் சிபி. இந்தியாவைப் பொறுத்தவரை, 2005ஆம் ஆண்டின் விதிகள் 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை 5 வாட்டுக்கு மிகாத கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்றன. அமெரிக்கப் பட்டியலின் 1 முதல் 27 வரையிலான அலைவரிசைகள் இந்த எல்லைக்குள் அடங்கிவிடுகின்றன, ஆனால் சாலையோரத் தேநீர்க் கடைவரை பரவும் அளவுக்கு ஒரு சிபி பண்பாடு இங்கே வேர்விட்டதில்லை.

இரண்டு முறைகளும் கலந்து வரும் இடத்தில் ஒரே அதிர்வெண்ணை இருமுறை சேமித்து, ஒன்றுக்கு ஏஎம்மும் மற்றொன்றுக்கு என்எஃப்எம்மும் கொடுத்துவிட்டால் ஸ்கேனரே பார்த்துக்கொள்ளும் என்று பலர் கணக்குப் போடுவதுண்டு. கணக்கு நன்றாயிருக்கிறது, ஆனால் கருவி அதற்கு உடன்படாது. ஸ்கேனரை நிற்கச் செய்வது ஸ்குவெல்ச் என்ற வாயில்காப்போன். அலை எதுவும் இல்லாதபோது ஸ்பீக்கரை மூடிவைத்து, வலுவான அலை வந்ததும் திறப்பது அதன் வேலை. அது பார்ப்பது அலை இருக்கிறதா என்பதையே, அது எந்த முறையில் பண்பேற்றப்பட்டது என்பதை அன்று. ஆகவே எஃப்எம் பேச்சுக்கும் ஏஎம் நினைவகம் முதலில் நின்றுவிடும், கிணற்றுக் குரலைக் கொடுத்துக்கொண்டே அங்கேயே காத்திருக்கும். இதைவிடச் சிறந்த வழி வங்கிகளைப் பிரிப்பது. யூனிடன் பிசி125ஏடி போன்ற கருவிகளில் 500 நினைவகங்கள், வங்கிக்கு 50 வீதம் பத்து வங்கிகளாகப் பகுக்கப்பட்டிருக்கின்றன. 40 அலைவரிசைகளும் ஒரு வங்கியில் தாராளமாக அடங்கும் என்பதால், முதல் வங்கியில் முழுவரிசையையும் ஏஎம்மாகவும் இரண்டாம் வங்கியில் அதையே என்எஃப்எம்மாகவும் ஏற்றிவிட்டு, ஒரு வேளையில் ஒன்றை மட்டும் திறந்து வைக்கலாம். கிழிசல் தாளம் கேட்டால் முதலாவதுக்கும், கிணற்றுக் குரல் கேட்டால் இரண்டாவதுக்கும் மாறுவதற்கு ஒரு விசை போதும்.

ஏஎம்மில் கேட்பவர் இரைச்சலோடு சமரசம் செய்துகொண்டே ஆக வேண்டும். மின்னலும், வண்டியின் தீப்பொறிக் கட்டையும், மலிவான எல்இடி விளக்கின் மின்வழங்கியும் அலையின் உயரத்தையே தாக்குகின்றன. ஏஎம் பண்பிறக்கி உயரத்தையே கேட்பதால் அவை அனைத்தும் பேச்சோடு சேர்ந்து உள்ளே வரும். போதாததற்கு 27.12 மெகாஹெர்ட்ஸை நடுவாகக் கொண்ட பகுதி தொழிற்சாலை, மருத்துவச் சூடேற்றிகளுக்கும் ஒதுக்கப்பட்டது. சிபி பிறந்ததே அந்த இரைச்சல் சந்தைக்குள்தான். எஃப்எம்மில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் அதற்கு வேறொரு குணம் உண்டு: ஒரே அதிர்வெண்ணில் இருவர் பேசினால் சற்றே வலுவானவரின் குரல் மட்டும் கேட்கும், மற்றவர் இருந்த சுவடே தெரியாது. ஏஎம்மில் இருவரும் கேட்பர். இருவரின் ஊர்தி அலைகளுக்கும் இடையிலுள்ள சிறு வேறுபாடு ஒரு சீழ்க்கையாக ஒலிக்கும், அந்தச் சீழ்க்கையே இங்கே இன்னொருவர் இருக்கிறார் என்று அறிவிக்கும். விமானங்கள் இன்றும் ஏஎம்மை விடாமலிருப்பதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் இதுவும் ஒன்று. பேச்சின் இனிமைக்கு எஃப்எம், கூட்டத்தின் உண்மைக்கு ஏஎம் என்று இதைப் பிரித்துக்கொண்டால் தவறாகாது.

சூரியப் புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில் இந்தக் கூட்டத்தின் உண்மை முழு உருவத்தோடு வெளிப்படும். 27 மெகாஹெர்ட்ஸ் அலை, அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பிப் பல ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி இறங்கக்கூடியது. ‘ஸ்கிப்’ என்று சிபியாளர்கள் சொல்லும் இந்தத் தாவல், அண்மையில் 2024ஐ ஒட்டிய ஆண்டுகளில் பகற்பொழுதின் வாடிக்கையாகவே இருந்தது. அமெரிக்காவின் 6ஆம் அலைவரிசையான 27.025இல் அனுமதிக்கப்பட்ட 4 வாட்டைப் பலமடங்கு மீறி ஏஎம்மில் முழங்குபவர்கள் அட்லாண்டிக்கின் மறுகரையிலும் கேட்பதுண்டு. அந்த வேளையில் என்எஃப்எம் வங்கியை மட்டும் திறந்து வைத்திருப்பவர் ஒரு கண்டத்தையே தவறவிடுகிறார். கையடக்க ஸ்கேனரோடு வரும் விரல் நீள ரப்பர் ஆன்டெனா இதற்குப் போதாது; 11 மீட்டர் அலையின் கால்பங்கு 2.75 மீட்டர், அந்த நீளத்தில் ஒரு கம்பியைச் சன்னலுக்கு வெளியே தொங்கவிட்டாலே கேட்கும் உலகம் மாறிவிடும்.

எல்லாம் சரியாக அமைத்த பிறகும் சில அலைவரிசைகளில், குறிப்பாக 36 முதல் 40 வரை, வாத்து கத்துவதுபோன்ற ஒலி ஏஎம்மிலும் எஃப்எம்மிலும் ஒரேபோல் கேட்கும். அது ஒற்றைப் பக்கப்பட்டை முறை: ஏஎம்மின் இரண்டு சிறகுகளில் ஒன்றையும் நடுவிலுள்ள ஊர்தி அலையையும் நீக்கிவிட்டு, திறன் முழுவதையும் எஞ்சிய ஒரு சிறகிலேயே செலுத்துவது, அதனால்தான் 12 வாட் உச்சத் திறனோடு அது ஏஎம்மைவிட நெடுந்தொலைவு செல்கிறது. மேடையிலிருந்து ஒத்துக்காரர் எழுந்து போய்விட்டார், சுருதி இல்லாமல் கமகமும் இல்லை, ஏற்றமும் இல்லை. கேட்கும் கருவி தன்னிடமிருந்தே ஓர் ஒத்தை ஊதிச் சேர்த்தால்தான் குரல் மனிதக் குரலாகும். அதற்கான அலையியற்றி பெரும்பாலான ஸ்கேனர்களில் கிடையாது. கணினியின் யுஎஸ்பி துளையில் செருகும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற சிறு குச்சி, 24 மெகாஹெர்ட்ஸிலிருந்து கேட்கக்கூடியது என்பதால், 27 மெகாஹெர்ட்ஸில் அந்த ஒத்தை மென்பொருளாலேயே ஊதிவிடுகிறது. அதன் திரையில் ஏஎம், நடுவே முதுகெலும்பும் இருபுறமும் கண்ணாடிப் பிம்பம்போன்ற சிறகுகளுமாகத் தெரியும். எஃப்எம், முதுகெலும்பே நெளிவதாகத் தெரியும். ஒற்றைப் பக்கப்பட்டை, பேசுபவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் திரையிலிருந்து அடியோடு மறைந்து, அடுத்த சொல்லோடு மீண்டும் தோன்றும்.